சுவரைத் தொடுமுன் மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். வரவேற்பறைச் சுவரில் பொறிக்கப்பட்ட விழுமியங்களையும், அவற்றை நினைவூட்ட எங்கள் மேசைகளுக்கு வந்துசேர்ந்த அட்டைகளையும் பார்த்தோம். நிறுவனப் பண்பாட்டைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்ற உங்கள் நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வேலையை ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சுவரில் முதலில் நிற்பது 'வெளிப்படைத்தன்மை'. அந்த எழுத்துகள் பொருத்தப்பட்ட அதே வாரத்தில் மதிப்பீட்டு முடிவுகளும் வந்தன. வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்ததில் குறை இருக்கிறது என்று ஆய்வுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, ஒப்படைப்பைத் தள்ளிவைக்கக் காரணமான எங்கள் சக ஊழியருக்கு, 'குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை' என்று எழுதி ஒரு படி குறைத்திருக்கிறீர்கள். ஊதிய உயர்வும் அதற்கேற்பக் குறைந்தது. அவர் சுட்டிய குறை உண்மையானது என்பதைப் பின்னர் நடந்த சோதனை உறுதிசெய்தது. நீங்களும் அதை மறுக்கவில்லை. ஆயினும் கெடு தவறியதைக் குறிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, பெரிய தவறொன்றைத் தடுத்ததைக் குறிக்க எந்தக் கட்டமும் இல்லை. இப்போதெல்லாம் கூட்ட முடிவில் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கப்படும்போது நாங்கள் அனைவரும் மடிக்கணினியைப் பார்க்கிறோம். அவரும் அப்படித்தான்.

தொட்டுணரத்தக்க பண்பாடுதான் நோக்கமென்றால், டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் பெயர்பெற்ற 'ஆண்டன்' (andon) என்ற எச்சரிக்கைக் கயிற்றைச் சற்று எண்ணிப்பாருங்கள். குறையைக் கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு வருவார். வண்டி அந்த வேலைப் பகுதியின் எல்லையை எட்டுமுன் சரிசெய்ய இயலாவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். இழுத்தவரைக் கடிந்துகொள்ளும் மேலாளர் ஒருவர் அங்கே இருந்தால், மறுநாளே அந்தக் கயிற்றை யாரும் தொடமாட்டார்கள். அறிவிப்புகளே போதும் என்றிருந்தால் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் இன்றும் தழைத்திருக்க வேண்டும்: மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்று 2000-ஆம் ஆண்டறிக்கையில் அச்சிட்ட அந்த நிறுவனம், 2001 டிசம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது.

அடுத்ததாகப் 'பண்பாட்டுத் தூதர்'களை நியமிக்கவிருப்பதாக அறிகிறோம். தலையசைப்பதில் தேர்ந்தவர்கள் இப்போது ஒவ்வொரு பிரிவிலும் இருப்பதால், ஆள் கிடைப்பதில் சிரமம் இருக்காது. அட்டைகளின் அச்சுத் தரத்திலும் குறை சொல்ல ஏதுமில்லை.

என் வேண்டுகோள் படிவத்தைப் பற்றியது மட்டுமே. குறையை முன்கூட்டியே எழுப்பியதற்காக எவருடைய மதிப்பீடும் குறைக்கப்படாது என்பதை எழுத்துவடிவ விதியாக்குங்கள். அப்படி எழுப்பியதைப் பதிவதற்குப் படிவத்தில் ஓர் இடம் கொடுங்கள். அந்த ஊழியரின் மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்து, அவர் பேசிய அதே ஆய்வுக் கூட்டத்தில் முடிவை அறிவியுங்கள். அடுத்த மதிப்பீட்டுச் சுற்று தொடங்குமுன் இவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருவர்