பாட்டியின் படத்தைத் திருத்துமுன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே பினாங்கில் நானும் அம்மாவும் நலம். நம் குடும்பப் படங்களை இந்த விடுமுறையில் ஒழுங்குபடுத்தி, பழையவற்றைத் திருத்தி, பெர்த்திலிருந்து சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பப் போவதாக நீ சொன்னது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஸ்டுடியோவில் நெகட்டிவின் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்த காலம் முதல் இன்று கணினியில் திருத்துவது வரை நான் கற்றதில், உனக்கு வேண்டியதை எழுதுகிறேன்.

மூலக் கோப்பில் ஒருபோதும் கை வைக்காதே. திருத்தம் எல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும். ஜேபெக் கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அதை மறுபடி சுருக்குகிறது, அப்போது போகும் நுண்விவரம் திரும்பி வராது. அதனால்தான் பழைய படங்களை உனக்கு, சேமிக்கும்போது விவரம் போகாத டிஃப் கோப்புகளாகத் தந்தேன். 4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். இருமடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை மூலமாக எடுத்துக்கொள்ளாதே. அது படத்தைச் சிறிதாக்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்புகளையும் நீக்கிவிட்டே அனுப்புகிறது.

அடுக்குவதற்குக் கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்கு: '1974_தைப்பூசம்_தண்ணீர்மலை_03' என்பது போல. ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகியிருக்கும் என்பதால், கோப்புக்குள் தேதி முதலியவற்றைத் தாங்கும் எக்ஸிஃப் குறிப்பில் எடுத்த தேதியை நீயே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா வெள்ளி ரதத்தின் முன் நிற்கும் படம் உன் வீட்டுப் பால்காய்ச்சும் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடும். அக்கா திருமணத்தில் சென்னை மாமா எடுத்த படங்களையும் கவனி. அவர் கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருந்தது, நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னே. தேதி வரிசையில் அடுக்கினால் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே தாலி கட்டி முடிந்துவிடுகிறது. படங்களை அடுக்க உதவும் டிஜிகாம், லைட்ரூம் மென்பொருள்கள் இரண்டிலும் அவர் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்து நேரத்தை முன்தள்ள வழியிருக்கிறது.

யார் யார் என்ற குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லி மென்பொருளின் அமைப்பில் குறித்துவிடு. படங்களை அடுக்க உதவிய பிக்காசா மென்பொருளை கூகுள் 2016-இல் கைவிட்டபோது, அதன் பட்டியலில் மட்டும் இருந்த முகப் பெயர்கள் வேறு மென்பொருளுக்கு மாறிய பலருக்கு உடன் வரவில்லை. கோப்புக்குள் இருக்கும் பெயர் கோப்பு போகுமிடமெல்லாம் போகும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, திருத்தம். எழுபதுகளின் வண்ணப் படங்கள் இப்போது செம்மண் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் அக்காலத் தாளின் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களைவிட விரைவில் மங்கியதுதான். ஜிம்ப் மென்பொருளில் 'லெவல்ஸ்' திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார். ஒவ்வொன்றிலும் ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தின் மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் முனைகளை நகர்த்தினாலே பெரும்பாலான சிவப்பு விலகும். தானாகச் சரிசெய்யும் பொத்தானை நம்பாதே. அது தாத்தாவின் பழுப்பேறிய வேட்டியைப் பால் வெள்ளையாக்கப் பார்க்கும். அதோடு சேர்ந்து எல்லார் முகமும் வெளுத்துப்போகும்.

முகத்தின் நிறத்தில் நான் கண்டிப்பாக இருப்பது உனக்குத் தெரியும். கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அந்த முகத்துக்குச் சரியாக வைத்த வண்ணத்தில் நம்மவர் முகம் விவரமின்றிக் கறுத்து விழுந்ததும் உண்டு. அந்த நிழலைத் தூக்கி, பாட்டியின் கன்ன எலும்பும் கண்ணிமையும் தெரியும்படி செய்வது நல்ல வேலை, அதைச் செய். அவரைச் சிவப்பாக்குவது வேறு வேலை. பாட்டி நல்ல கறுப்பு. தோட்டத்து வெயிலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்த நிறத்தோடுதான் நம் பிள்ளைகள் அவரைப் பார்க்க வேண்டும்.

தூசி, கீறல் நீக்கும் வடிகட்டியை முழுப் படத்தின் மேலும் ஓடவிடாதே. நான் சோதித்துப் பார்த்தேன்: பாட்டியின் மூக்குத்தியைத் தூசி என்று எடுத்துவிட்டது. நூறு விழுக்காடு பெரிதாக்கி, பக்கத்து இடத்தை நகலெடுத்து மறைக்கும் ஒட்டுத் தூரிகையால் புள்ளி புள்ளியாகப் போ. தாத்தாவின் கன்னத்தில் அம்மைத் தழும்பும் உண்டு, நம் ஊர் ஈரத்தில் வந்த பூஞ்சைப் புள்ளியும் உண்டு. தழும்புக்கு ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் இருக்கும். பூஞ்சைப் புள்ளி தட்டையாக, முகத்தைத் தாண்டிப் பின்னால் உள்ள சுவரிலும் தொடரும். பூஞ்சையை எடு, தழும்பை விட்டுவிடு. மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்கும் செயலிகள் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இல்லாத விவரத்தை அவை வேறு முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. வரும் கண் அழகாக இருக்கும், ஆனால் அது தாத்தாவின் கண்ணாக இராது.

தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயன் வீட்டின் முன் எடுத்த கூட்டுப் படங்களில் எனக்கே அடையாளம் தெரியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவற்றைச் சிறிய படங்களாக ஒரே தாளில் அடுக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு எனக்கு அனுப்பு. நான் பெரிதாக அச்சிட்டு பட்டர்வொர்த்துக்கு எடுத்துப்போய் அத்தையிடம் காட்டுகிறேன். அவருக்கு இப்போது பார்வை மங்கி வருகிறது, ஆகையால் மற்ற வேலைகளுக்கு முன்னால் இதைச் செய்துவிடு. ஹார்ட் டிஸ்க்கின் நகல் ஒன்று உன்னிடமும் ஒன்று இங்கேயும் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா