ஆசிரியர் ‘அ’வுக்கு ஒரு கடிதம்

டீச்சர்,

எங்கள் கல்வியியல் புலத்தின் ஆண்டறிக்கை நேற்று வந்தது. பேராசிரியர்களின் சாதனைகள் என்ற பகுதியில் முதல் பெயர் என்னுடையது. ‘வகுப்பறை மௌனம் குறித்த முன்னோடி ஆய்வு’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த ‘முன்னோடி’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஆறு வருடங்களாகத் தள்ளிப்போட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பள்ளிக்கு நான் ஏன் வந்தேன், எத்தனை நாள் வந்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்று முழுவதும் கண்ணில் நிற்பது ஒரே ஒரு வகுப்புதான்.

காலையில் நீண்டிருக்கும் நிழல் உச்சி வேளையில் ஏன் குறுகிவிடுகிறது என்று கேட்டீர்கள். கடைசி வரிசையில் இருந்த அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லி எழுப்பினீர்கள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் மூலையில் நொடி எண்ணும் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1974-இல் எழுதியது எனக்கு மனப்பாடம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, ‘தெரியாது’ என்பது குறைகிறது. பின்தங்கியவர்கள் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் குறைவான நேரம் கிடைக்கிறது என்பதையும் அவர் கண்டிருந்தார்.

மூன்று நொடி கடந்தது. ஐந்து கடந்தது. ‘பதில் இல்லை’ என்று படிவத்தில் குறித்துவிட்டேன். அப்போது நீங்கள் அவளிடமிருந்து கண்ணை எடுத்தீர்கள். திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினீர்கள். வகுப்பு முழுவதும் உங்கள் கையைப் பார்த்தது. பதினோராவது நொடியில், சூரியன் தலைக்கு மேலே வந்துவிடுவதால் என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் எழுதியதை அடித்தேன். அந்த அடித்தல் இன்னும் படிவத்தில் இருக்கிறது.

அன்று மாலை உங்கள் குறிப்பேட்டில் எழுதினீர்கள்: காத்திருந்தால் மட்டும் போதாது, காத்திருக்கும்போது நம் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு வரிதான் என் கட்டுரை. மற்றதெல்லாம் அட்டவணை.

கட்டுரையில் நீங்கள் ‘ஆசிரியர் அ’. நன்றியுரையில் ‘ஒத்துழைத்த ஆசிரியர்’. பள்ளியையும் குழந்தைகளையும் அடையாளம் காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. உங்கள் பெயர் வந்தால் பள்ளி தெரியும். பள்ளி தெரிந்தால் அவள் தெரிவாள். இதை இன்றும் நம்புகிறேன். ஆனாலும் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வேறொரு நியாயமும் வைத்திருந்தேன். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கில்லாதவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க முடியாது. வேறு துறைகளும் பின்பற்றும் விதி அது. நீங்கள் எழுதவில்லையே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதே விதிமுறைதான், ஆய்வில் கணிசமாகப் பங்களித்த எவருக்கும் எழுதுவதில் பங்கேற்க வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. வரைவை உங்களுக்கு அனுப்பாதவள் நான். அனுப்பாததையே காரணமாகவும் காட்டினேன். பள்ளி ஆசிரியரும் ஆய்வாளர்தான் என்று பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் வாதிட்டதை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் பாடமாக நடத்துகிறவளும் நான்தான்.

பதவி உயர்வுக்கான விண்ணப்பம் அந்த மாதம்தான் போகவேண்டியிருந்தது. அது குறித்த கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதப் போவதில்லை. என் புலத்தைச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள். முடிவு என்னுடையது, அவ்வளவு சொன்னால் போதும்.

ஆனால் டீச்சர், உங்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. கட்டுரை வெளியானதும் ‘வாழ்த்துகள்’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பினீர்கள். பிறகு நான் மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. ஒரு குழந்தைக்காகப் பதினொரு நொடி பொறுக்கத் தெரிந்த உங்களுக்கு, என்னைக் கூப்பிட்டு வைத்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையா? கேட்டிருந்தால் அன்றே சரிசெய்திருப்பேன். இல்லை, அழுதிருப்பேன், அதன் பிறகும் சாக்குத்தான் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் இந்த ஆறு வருடமும் எனக்கு இலகுவாக இருந்திருக்கும் என்று நினைப்பதே சுயநலம்தான்.

அறிக்கையிலிருந்து அந்தப் பதிவை எடுத்துவிடும்படி இன்று காலை புலத்தலைவருக்கு எழுதினேன். ஆய்விதழுக்கும் திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன். கட்டுரையின் இணை ஆசிரியராகச் சேர்க்க உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். அவளும் இப்போது வளர்ந்திருப்பாள். அவளிடமும் அவள் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள்.

உங்கள் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பதினான்கு பக்கங்களை நான் தொடவில்லை. எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது தனிக் கட்டுரை, உங்கள் கட்டுரை. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வீட்டு முகவரி பழையதுதானே?