அரிக்கன் லாம்பை எடுத்துவிடுங்கள், அம்மா

ஒன்ராறியோ,
மாசி

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் கையெழுத்து என்றாலும் கேட்டது உங்கள் குரல்தான். நான் நல்ல சுகம். சனி ஞாயிறும் வேலை தருகிறார்கள், ஒரு குறையும் இல்லை. இம்முறை அனுப்பிய காசு கொஞ்சம் குறைவு. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

உதவித் திட்டத்தில் கிடைத்த குஞ்சுகள் இரவில் சாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பயப்படுத்தியது அதுவல்ல. கடதாசிப் பெட்டிக்குள் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு நீங்கள் படுப்பதுதான். கூரை கிடுகு. ஒரு குஞ்சு தட்டிவிட்டால் போதும். தணல் சட்டியும் வேண்டாம். அடைத்த அறையில் அதன் நச்சுக்காற்று குஞ்சோடு உங்களையும் கொண்டுபோய்விடும். தங்கச்சியிடம் போனிலும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுத்திலும் வைக்கிறேன்.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அப்பா சிரிப்பார். பக்கத்து வீட்டில் ஒரு டச்சு ஆச்சி இருக்கிறார். முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது கோழிக்குஞ்சு வாங்கிய ஒரே ஆள். இரவு உடுப்புக்கு மேலே புருஷனின் பழைய கோட்டும் ரப்பர் சப்பாத்துமாக, கராஜுக்குள் முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வெப்பமானி இருந்தாலும் குஞ்சு சொல்வதுதான் சரியான கணக்காம். விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடிச் சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் வெக்கை. அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்து மெல்லக் கீச்சிட்டால் சரி. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 பாகை. பிறகு வாரத்துக்கு 3 பாகையாகக் குறையும்படி விளக்கை உயர்த்த வேண்டும். நான் உயரம் என்பதால் அந்த வேலை எனக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு சங்கிலி போட்டிருக்கிறார். மின்கம்பியிலேயே தொங்கவிட்டால் விளக்கு மரச்சீவலில் விழுந்து பற்றிவிடுமாம். வேலை முடிந்தால் நேரே அங்கேதான் போகிறேன். கராஜுக்குள் நல்ல சூடு. என் அறையில் சூடாக்கியைக் குறைத்தே வைத்திருக்கிறேன், எனக்கு அது பழகிவிட்டது.

எங்கள் ஊருக்கு இவ்வளவு தேவையில்லை. பகல் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். விடியற்புறப் பனிதான் குஞ்சைக் கொல்கிறது. பழைய தகரத்தை வட்டமாக வளைத்து வையுங்கள். மூலை இருந்தால் அங்கே குவிந்து நசுங்கிச் சாகும். வெறும் கடதாசியில் கால் வழுக்கி விரிந்துவிடும், உமி போடுங்கள். ஒரு பக்கமாகக் குண்டு மின்குமிழ் ஒன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். வெக்கை என்றால் தள்ளிப்போக மற்றப் பக்கம் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் சுடுதண்ணீர்ப் போத்தலில் துணி சுற்றி உள்ளே வையுங்கள். ஐந்து ஆறு வாரத்தில் இறகு மூடிவிடும், பிறகு விளக்கே வேண்டாம்.

உமி என்று எழுதியதும் கிளிநொச்சி ஆலைக்கு நெல்லேற்றிப் போனதுதான் நினைவு. மாங்குளத்துக்குத் திரும்பும்போது முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்பா வாங்கித் தரும் சுடுகச்சான், உள்ளங்கை சுடச்சுட. இங்கே கச்சான் டின்னில் வருகிறது, வாசமே இல்லை. ஒருபிடி முருங்கையிலைக்கு ஸ்காபரோ வரை போக வேண்டும், பஸ் காசு கட்டாது. அந்த முற்றத்தில் ஒரு நாள் படுத்து எழும்பினால் போதும் என்றிருக்கிறது அம்மா.

அதை விடுங்கள். காணி விஷயம். சின்னமாமா சொல்வதுபோல நினைத்தபடி துண்டு போட்டு விற்க அது உறுதிக்காணி இல்லை, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அப்பா நடமாடும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளியின் பெயரைப் பதியட்டும். என் பெயர் வேண்டாம், தங்கச்சியின் பெயரைப் போடுங்கள். அவளுக்குப் பேசிவரும் இடத்தில் இதைப்பற்றி இப்போதைக்கு வாய் திறக்க வேண்டாம். சின்னமாமா கொண்டுவரும் எந்தத் தாளிலும், வாசித்துக் காட்டாமல் அப்பாவைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்