அஞ்சல்காரர் வண்டியை வாங்கிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆஸ்திரேலிய அஞ்சல்காரர்கள் ஓட்டித் தேய்த்த ஹோண்டா சிடி110 வண்டியை நீ மெல்பர்னில் வாங்கியிருப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. உன் அம்மாவுக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி கவலை. பின்னால் ஒரு பெட்டி, கைப்பேசிக்கு மின்னேற்றி, முன்னால் காற்றுத் தடுப்பு, குளிருக்கு ஹேண்டில்பாரில் மாட்டும் கை உறை என நான்கையும் உன் கையாலேயே செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். இவற்றைக் கடையில் வாங்கினால் என்ன என்று நான் கேட்க மாட்டேன், ஏனென்றால் நீ யாருடைய மகள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: நீ செய்து மாட்டிய எல்லாவற்றையும் ஒரு நாள் ஸ்பேனரை எடுத்துக் கழற்றினால், வண்டி நீ வாங்கிய நாளில் இருந்தபடியே நிற்குமா? நிற்கும் என்றால் தாராளமாகச் செய். ஃபிரேமில் துளை போட்டோ, மட்கார்டை வெட்டியோ, வயர்க் கொத்தை நடுவில் அறுத்தோதான் ஒன்றைப் பொருத்த முடியும் என்றால், அதற்கு வேறு வழியை யோசி.

சிங்கப்பூரில் வண்டி ஓட்டியவனுக்கு இந்தப் பிடிவாதம் தானாக வந்துவிடும். மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும்; எதை அனுமதி கேட்காமல் மாற்றலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகை பிரித்து வைத்திருக்கிறது. பரிசோதனைக்கு முந்திய நாள் இரவு நம் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் இளைஞர்கள் உட்கார்ந்து எதையெதையோ கழற்றிக்கொண்டிருப்பதை நீ சிறுவயதில் பார்த்திருப்பாய். புது மோட்டார்சைக்கிளைப் பதிவுசெய்ய இங்கே வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் 2022ஆம் ஆண்டின் இறுதியில் 13,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியபோது, வண்டியை விடச் சான்றிதழுக்குக் கொடுக்கும் பணம் அதிகம் என்று ஆகிவிட்டதால், இருக்கிற பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே பலருக்குச் சரியாகப் பட்டது. ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை வந்துவிட்டது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள், பழம்பொருள் வாகனத் திட்டங்களில் உள்ளவை தவிர, 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. என் கப்சாயும், அதாவது நான் ஓட்டும் சின்ன மோட்டார்சைக்கிளும், அந்தக் கணக்கில் வருகிறது. அன்றைக்கு அதிலிருந்து பின்பெட்டிப் பிராக்கெட்டும் மின்னேற்றியும் நல்லபடியாகக் கழன்று வேறொரு வண்டிக்குப் போகும். அவற்றை ஃபிரேமோடு பற்றவைத்திருந்தால் அவையும் சேர்ந்து பழைய இரும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எதையும் செய்யத் தொடங்குமுன் வண்டி என்ன வேலை பார்த்து வந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள். வீட்டுக்கு வீடு நின்று, கிளம்பி, மறுபடி நின்று, பின்னாலும் பக்கத்திலும் கடிதப் பைகளைச் சுமந்த வண்டி அது. ஆகவே இயந்திரத்தை விட பிரேக், சக்கரத் தாங்கிகள், முன் ஃபோர்க், ஸ்டாண்டு, கேரியர் ஆகியவைதான் அதிகம் தேய்ந்திருக்கும். நீ பெட்டி மாட்டப்போவது அந்தக் கேரியரில்தான். அதை நன்றாகக் கழுவித் துடைத்து, பற்றவைத்த ஒவ்வொரு மூட்டிலும் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார். பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு ஓடி, அதன் வழியே துரு கசிந்திருந்தால் உள்ளே உலோகம் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள். விரிசல் இருந்தால் கேரியரைக் கழற்றி, பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோ. கேரியர் வண்டியில் இருக்கும்போதே பற்றவைக்க எவரையும் விடாதே. அந்த மின்னோட்டம் தன் வழியைத் தேடிப் போகும்போது இயந்திரத்துக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்பெட்டியையும் பேட்டரியையும் கெடுத்துவிடக்கூடும்.

இந்த வேலையில் நம் எதிரி பாரம் அல்ல, அதிர்வு. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் உன் பிராக்கெட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும். எடையைத் தாங்கும் என்று நீ கையால் அழுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்த தகடு, சில மாத ஆட்டத்துக்குப் பிறகு போல்ட்டுத் துளையின் ஓரத்திலிருந்து கிழியத் தொடங்கும். விரிசல் எப்போதும் கூர்மையான மூலையிலோ அரம் படாத துளை விளிம்பிலோதான் பிறக்கிறது என்பதால், மூலைகளை வட்டமாக அராவிவிடு, துளைகளின் பிசிறை இருபுறமும் எடுத்துவிடு. அலுமினியம் இலேசாக இருக்கிறது என்று எல்லாரும் அதன்மீது பாய்கிறார்கள். திரும்பத் திரும்ப ஆடும் இடத்தில் எனக்கு இன்றும் மென் எஃகின் மேல்தான் நம்பிக்கை. மடிக்க வேண்டிய இடத்தில் அலுமினியம்தான் வேண்டும் என்றால் 5052 ரகத் தகட்டைக் கேட்டு வாங்கு. 6061-டி6 என்பது விறைப்பானது. அதைக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே வெடித்துவிடும்.

பெட்டிக்கு நான் செய்துவைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். பெட்டியின் அடியில் உட்புறமாக ஒரு தகட்டை வைத்து, கேரியர் குழாய்களுக்குக் கீழே 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தட்டைக் கம்பிகள் இரண்டைக் குறுக்கே கொடுத்து, நடுவில் குழாய்கள் அகப்படும்படி 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் இறுக்குவதுதான் அது. கேரியரில் ஒரு துளையும் போட வேண்டியதில்லை. குழாய்க்கும் கம்பிக்கும் இடையே பழைய டியூபை வெட்டி ஒரு பட்டை வை. பூச்சும் தேயாது, அதிர்வும் கொஞ்சம் அடங்கும். துளைக்கு முதலில் குத்தூசியால் குறி வைத்து, 3 மில்லிமீட்டரில் ஓட்டிப் பிறகு 6.5க்குப் பெரிதாக்கு. நைலான் வளையம் உள்ள நட்டையே போடு. கழற்றி மாட்டும்போது புது நட்டு வாங்கிக்கொள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதுமானது. பலம் காட்டினால் திருகுதான் முறியும்.

பெட்டியை எங்கே வைக்கிறாய் என்பது எப்படிச் செய்கிறாய் என்பதைப் போலவே முக்கியம். பின்சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தை இலேசாக்கி, வேகத்தில் ஹேண்டில்பாரை ஆட வைக்கும். ஆகவே பெட்டி இருக்கையை ஒட்டி முன்னால் வரட்டும். கனமான பொருள் அடியில் போகட்டும். உன் ஊரில் பால்காரர்களின் பிளாஸ்டிக் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஓடுபவர்கள் நிறைய என்று எழுதியிருந்தாயே, அதில் தவறில்லை. கட்டும் கயிற்றின் நுனி சக்கரத்தை எட்டாமல் இருந்தால் சரி.

துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை அலுமினியத்தில் நேராகத் திருகாதே. செம்பவாங் கப்பல் பட்டறையில் இருந்தபோது கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவோம். வெண்கலச் சுழல்விசிறியும் எஃகு உடலும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் எஃகு அரிபடும், அதற்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபடட்டும் என்பதற்காக. மழைநீரும் உப்பும் பட்டால் உன் போல்ட்டுத் துளையிலும் நடப்பது அதுவே. அங்கே அரிபடுவது அலுமினியம்; ஓராண்டுக்குப் பின் போல்ட்டு அசையவே அசையாது. திருகுமுன் புரிகளில், ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவிவிடு. இன்னொன்று: ஹோண்டாவின் நட்சத்திரத் தலைத் திருகுகள் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை, பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ் திருகு போல இருக்கும், ஆனால் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக அமராமல் நழுவித் தலையைச் சிதைத்துவிடும். ஜிஸ் (JIS) என்று குறிப்பிட்டு விற்கும் திருப்புளி ஒன்றை வாங்கிக்கொள். முன்பு இத்தகைய சில்லறைச் சாமான்களுக்கு நான் சுங்கை ரோடு சந்தைக்குப் போவேன்; 2017 ஜூலையில் அதை மூடியபின் ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளே கதி. விலையும் அதற்கேற்றபடிதான்.

இனி மின்சாரம். சிடி110இல் தொடக்க கால வண்டிகள் 6 வோல்ட்டு, பிந்தியவை 12 வோல்ட்டு. படத்தில் பேட்டரி தெரியவில்லை. அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசு. 12 வோல்ட்டாக இருந்தால் வண்டி ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்திலும், நடுத்தர வேகத்தில் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கத்திலும் மீட்டர் காட்ட வேண்டும். ஓடும்போதும் 14ஐ நெருங்கவில்லை என்றால் வண்டி தன்னையே நிரப்பிக்கொள்ளவில்லை. அதன் மேல் நீ எதையும் ஏற்றாதே. கைப்பேசி மின்னேற்றி 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுத்தால் 10 வாட்டு. வண்டியிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆம்பியர் எடுக்கும். அதை இந்தச் சின்ன மின்னாக்கி தாங்கும். சூடாகும் கைப்பிடி வேண்டும் என்று ஆசைப்படாதே. ஒரு சோடிக்கு 30 வாட்டுக்கு மேல் போகும்; சிவப்பு விளக்கில் நின்று நின்று போகும் வண்டியில் அது பேட்டரியை மெல்லக் காலி செய்துவிடும்.

ஹோண்டாவில் பச்சை வயர் எர்த், சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது. இதை நினைவில் வை; யமஹாவில் கறுப்புதான் எர்த். நீ கறுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், அப்போதுதான் சாவியை எடுத்தபின் மின்னேற்றி பேட்டரியைக் குடிக்காது. வயரை வெட்டாதே. ஹோண்டாவின் வயர்கள் சிறிய உருளை முனைகளால் ஒன்றோடொன்று செருகப்பட்டிருக்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் அதே வகை இணைப்பி கிடைக்கிறது, அதைச் செருகினால் போதும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இழைகளை நறுக்கி உள்ளே தண்ணீரை விடுபவை; அவற்றைப் பயன்படுத்துபவனின் வண்டியில் நான் பின்னால் ஏற மாட்டேன். மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். மூட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதை விட, உருளை முனையை இடுக்கியால் நெரித்து மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுவது நல்லது. ஈயம் ஏறிய வயர் விறைத்து, ஈயம் முடியும் இடத்தில் அதிர்வால் அறுந்துவிடும். வேலை முடிந்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பார்.

கைப்பேசியையே ஹேண்டில்பாரில் மாட்டுவதாக இருந்தால் ரப்பர் தாங்கி உள்ள பிடியை வாங்கு. மோட்டார்சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவின் உள்ளமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. என்னைக் கேட்டால் அது சட்டைப்பையில் இருப்பதே மேல்.

காற்றுத் தடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்ரிலிக் வேண்டாம், விழுந்தால் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட் வளையுமே தவிரச் சிதறாது, ஆனால் பெட்ரோல் பட்டால் கெடும், எளிதில் கீறலும் விழும். துளையைப் போல்ட்டை விடப் பெரிதாகப் போட்டு ரப்பர் வளையம் கொடு, வெயிலில் அது விரிவதற்கு இடம் வேண்டும். மேல்விளிம்பு உன் பார்வைக்குக் கீழே நிற்கட்டும்; கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக இரவில் எதிர்வரும் விளக்கைப் பார்ப்பது ஆபத்து.

நீ பட்டியலில் சேர்க்காத ஒன்றை நான் சேர்க்கிறேன். உன் வண்டியின் சிலிண்டர் ஏறத்தாழப் படுத்தபடி முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் சேறும் கல்லும் அதன் முகத்தில்தான் படும். முன் மட்கார்டின் கீழ்நுனியில் ஏற்கெனவே துளை இருந்தால், கறுப்பு ரப்பர் விரிப்பிலிருந்து ஒரு மடலை வெட்டி அங்கே தொங்கவிடு. அரை மணி நேர வேலை, செலவு சில காசு. இங்கே பெய்யும் மழையில் என் கப்சாய்க்கு நான் செய்து மாட்டியவற்றில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

பிரேக்கையும் புகைக்குழாயையும் தொடாதே. அவை வீட்டில் செய்யும் பொருள்கள் அல்ல. விக்டோரியாவில் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றும்போது சாலைத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

கை உறையை நீ தைக்க வேண்டாம். அம்மா தையல் எந்திரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டாள். தடித்த நைலான் துணியில், உள்ளே கம்பளி வைத்து, வாய்ப்பகுதி மடிந்துவிடாமல் நிற்க விளிம்பில் வளையும் பிளாஸ்டிக் பட்டை கோத்துத் தைப்பதாகச் சொல்கிறாள். துணி பிரேக் நெம்புகோலை அழுத்தினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் என்பதால் அளவு சரியாக இருக்க வேண்டும். கைப்பிடியின் நுனியிலிருந்து சுவிட்ச் வரை நீளம், நெம்புகோலின் முனையிலிருந்து கைப்பிடி வரை இடைவெளி, கண்ணாடித் தண்டு எங்கே முளைக்கிறது என்பது ஆகியவற்றை இரு பக்கமும் தனித்தனியாக அளந்து, மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. கேரியரின் அடிப்பக்கத்தையும் பேட்டரியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துச் சேர்த்துவிடு. ஜிஸ் திருப்புளி அங்கே கிடைக்காவிட்டால் அதையும் சொல், உறையோடு சேர்த்துப் பொட்டலத்தில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா