வகுப்பறைத் திருப்பணி நிறைவு அறிக்கை: பழைய மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். நம் பள்ளியின் வடக்குக் கட்டடத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறைகள் இரண்டிலும் தொடுதிரை அமைத்து, பிள்ளைகள் தாமே செய்து பார்த்தும் விளையாடியும் பாடம் படிக்க வழிசெய்யுமாறு பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி, 2025 ஜூனில் பள்ளி திறந்தபோது நிறைவுற்றது. ஊரார் இதைத் திருப்பணி என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அறிக்கைக்கும் அப்பெயரே அமைந்தது. கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்தால்கூட எங்களிடம் இத்தனை கேள்விகள் வந்திருக்குமா என்பது ஐயமே.

மின்கம்பி மாற்றுதல், எர்த் இறக்குதல், வெள்ளையடித்தல், திரைச்சீலை, யுபிஎஸ் ஆகியவை மதிப்பீட்டுக்குள் குறையின்றி முடிந்தன.

மொத்த மதிப்பீடு ரூ.4,10,000, செலவு ரூ.4,33,160. கூடுதலான ரூ.23,160 பற்றித்தான், திரைகளின் வரி உயர்வுக்கு அதைக் கொடுத்துவிட்டோம் என்பது உட்பட, குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்று மாதமாகப் பேச்சு நடந்துவருவதால், அதை முதலிலேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தைந்து அங்குலத் திரைகள் இரண்டுக்கு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினோம். மிகக் குறைந்த விலை சொன்னவரை விட்டுவிட்டு, அவரைவிட ஒன்பதாயிரம் கூடுதலாகக் கேட்டவருக்கு வேலையைக் கொடுத்தது உண்மை. முன்னவரிடம் திரை பழுதானால் சென்னைக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள கண்ணாடிப் பொருளை வண்டியேற்றி அனுப்பும் செலவையும் பொறுப்பையும் யார் ஏற்பது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. வேலை பெற்றவர் நம் பொருளாளருடன் 1991-இல் பத்தாம் வகுப்பு படித்தவர் என்பதும் உண்மைதான். அதனாலேயே பொருளாளர் அந்தக் கூட்டத்தில் வாக்களிக்காமல் வெளியே போய் உட்கார்ந்திருந்தார் என்பது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

விலைப்புள்ளியின் நாள் 2025 ஜனவரி 11. அறுபது நாள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஜனவரி 27 அன்று பாதித் தொகையான ரூ.1,35,000 முன்பணம் கொடுத்தோம். பிப்ரவரி 1 அன்று ஒன்றிய பட்ஜெட் வந்தது. இத்தகைய தொடுதிரைகள் மீதான இறக்குமதிச் சுங்கவரியை 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்தினார்கள். நான்கே நாளில் ஒப்பந்ததாரர் கடிதம் கொடுத்தார்: திரை ஒன்றுக்கு ரூ.11,000 கூடுதலாகத் தராவிட்டால் பொருளை அனுப்ப இயலாது. வரி உயர்ந்தது பொய்யில்லை என்பதால் உறுப்பினர் சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இருவர் நேரில் அவருடைய கிடங்குக்குப் போனார்கள். நமக்கென ஒதுக்கி வைத்திருந்த இரு பெட்டிகளின் பக்கவாட்டிலும் தயாரிப்பு மாதம் 2024 அக்டோபர் என்று ஒட்டியிருந்தது. பெட்டி மேல் படிந்திருந்த தூசியில் விரல் வைத்தால் தடம் பதிந்தது. பட்ஜெட்டுக்கு முன்பே கிடங்கில் கிடந்த சரக்குக்குப் புதிய வரி எப்படி வந்தது, வந்திருந்தால் சுங்க ரசீதைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டோம். ரசீது வரவில்லை, பிப்ரவரி 28 அன்று பழைய விலைக்கே திரைகள் வந்து இறங்கின. ஆக, வரியை முன்னிட்டு நாம் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டதாக எழுதிய நண்பர் திருத்திக்கொள்வார் என நம்புகிறேன்.

கூடுதல் செலவு வந்தது சுவரால். வடக்குக் கட்டடம் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. திரைகள் வந்த மறுநாள், சனிக்கிழமை, முதல் திரைக்கு நான்கு துளையிட்டு போல்ட் முடுக்கியபோது மூன்று பிடித்துக்கொண்டன; நான்காவது, பணியாளர் லேசாக இழுத்ததும் ஒரு கைப்பிடி சுண்ணாம்புப் பொடியுடன் வெளியே வந்துவிட்டது. பிடித்த மூன்றை நம்பித் திரையை மாட்டலாம் என்றார் ஒப்பந்ததாரர். அதன் நேர் கீழே முதல் வரிசைப் பிள்ளைகள் உட்காருவார்கள் என்றார் தலைமையாசிரியர். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. சுவர் பள்ளியுடையது, தம் பொறுப்பன்று என்று ஒப்பந்ததாரர் ஒதுங்கிக்கொள்ளவே, உள்ளூர்ப் பட்டறையில் தரையில் ஊன்றி நிற்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டு செய்து வாங்கினோம்: ரூ.18,600. துளையிட்ட சுவரைப் பூசிய கூலியும் பொருளும் ரூ.3,300. சுவரை முன்கூட்டியே தட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது நியாயமான குற்றச்சாட்டு, பார்க்கவில்லை. ஆனால் பார்த்திருந்தாலும் சட்டம் வாங்கித்தான் ஆகவேண்டும். மதிப்பீட்டில் சேர்ந்திருக்கும் என்பதே வேறுபாடு.

எஞ்சிய ரூ.1,260, வகுப்பில் பிள்ளைகள் விடை காட்டத் தூக்கும் அட்டைகளின் கணக்கு. தொகை சிறிது; ஆனால் ‘நம் பணத்தில் வகுப்பில் விளையாட்டா?’ என்ற கேள்வி இதில்தான் தொடங்கியது. வெளிநாட்டில் வாழும் உறுப்பினர்கள் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கி, தங்கள் பிள்ளைகள் ஆடுவதுபோல் கஹூட் போன்ற வினாடி வினா விளையாட்டுகள் ஆடச் செய்யலாம் என்றார்கள். நார்வேயில் உருவாகி 2013-இல் வெளியான கஹூட் நல்லதுதான். ஆனால் அதை ஆட ஒவ்வொருவர் கையிலும், அல்லது குழுவுக்கு ஒன்றாவது, கருவி வேண்டும். நம் பள்ளியில் பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. நாற்பது டேப்லெட்டுகளுக்கு தினமும் சார்ஜ் போடவும், மூன்றாம் ஆண்டில் பேட்டரி போனால் மாற்றவும் ஆளோ பணமோ நம்மிடம் இல்லை. ஆகவே பிளிக்கர்ஸ் அட்டைகளைத் தேர்ந்தோம். கருப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அட்டை. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பில் ஒருமுறை சுழற்றினால் எல்லார் விடையும் பதிவாகும். முதல் தொகுதியைப் பளபளப்பான லேமினேஷன் போட்டு வாங்கினோம்; டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் பாதி அட்டைகளைக் கேமரா படிக்கவில்லை. மீண்டும் அச்சிட்டு மங்கல் தாளில் லேமினேஷன் செய்தோம். தவறு செயலாளருடையது, அதாவது என்னுடையது.

ஜூலையில் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கழித்தல் மூன்றிலிருந்து கழித்தல் ஐந்தைக் கழித்தால் என்ன என்று ஆசிரியை கேட்டார். முப்பத்தெட்டு அட்டைகள் உயர்ந்தன. திரையில் வரைபடம் வந்தபோது, இருபத்தொரு பேர் கழித்தல் எட்டு என்று காட்டியிருந்தார்கள். யார் யார் என்று திரையில் பெயர் வராது. வழக்கமாகக் கை தூக்கும் நால்வரிடம் கேட்டிருந்தால் இரண்டு என்ற சரியான விடை கிடைத்து, பாடம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு எண்கோட்டைத் திரையில் போட்டு, ஒவ்வொருவராக வந்து நகர்த்தச் சொன்னார். மணியடித்தும் மூன்று பேர் இருக்கைக்குத் திரும்பவில்லை. விளையாட்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பிள்ளைகளின் விடைகளை வைத்துத் தரவரிசை போட்டுக் காட்ட வேண்டாம் என்பது ஆசிரியர்களே எடுத்த முடிவு. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் இரண்டே நாளில் அட்டையைத் தூக்குவதை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். நாங்கள் தலையிடவில்லை.

ஒப்பந்ததாரர் மூன்றாண்டுப் பாடப்பொருள் உரிமம் ஒன்றை ரூ.48,000-க்கு விற்க முயன்றார். மறுத்துவிட்டோம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய பெட் (PhET) எனும் கணினிச் செயல்முறைகள் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். அதில் மின்கலமும் கம்பியும் இழுத்துப் பல்பு எரிய வைக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் எந்த நாளும் பார்க்கலாம். கணக்குக்கு ஜியோஜிப்ரா என்ற மென்பொருள் அதேபோல. காசு கொடுக்க என்ன இருக்கிறது?

பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழ்நாடு அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக ஏன் செய்யவில்லை என்று இருவர் கேட்டிருந்தனர். அது அரசுப் பள்ளிகளுக்கானது. நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி.

நன்கொடை: 1979 அணி ரூ.60,000, 1984 அணி ரூ.75,000, 1991 அணி ரூ.1,10,000, 1998 அணி, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, ரூ.1,25,000, 2006 அணி ரூ.31,500, ரைஸ்மில் உரிமையாளர் ரூ.25,000, மருந்துக்கடை ரூ.10,000, நம் அனைவருக்கும் யாப்பு சொல்லித்தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ரூ.10,000, சைக்கிள் கடை ரூ.2,500, தையற்கடை ரூ.2,000, பள்ளி எதிரே டீக்கடை ரூ.500, இதில் எங்கள் கூட்டங்களுக்கு அவர் காசு வாங்காமல் கொடுத்த டீ சேரவில்லை. ஆக ரூ.4,51,500. தனித்தனிப் பெயர்கள் பள்ளி நடைவழிப் பலகையில் உள்ளன. விடுபட்டதாகச் சொன்ன மூவர் பெயரும் சேர்க்கப்பட்டுவிட்டன.

கையிருப்பு ரூ.18,340. குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நாட்களில் மின்னழுத்தம் இறங்குவதால் யுபிஎஸ் ஓயாமல் உழைக்கிறது. பேட்டரிகள் முதலில் போகும். எனவே இத்தொகையை அதற்கென வைப்பில் இடப் பரிந்துரைக்கிறோம். பேட்டரிக்கு மாதம் ஒருமுறை நீர் ஊற்ற அலுவலக உதவியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசீதுகள், ஒப்பந்ததாரரின் கடிதம், பெட்டிகளின் படம் எல்லாம் நூலகத்தில் இரண்டாம் அலமாரியில் உள்ளன. ஞாயிறு காலை வந்து பார்க்கலாம். திரையுடன் வந்த எழுதுகோல்கள் நான்கில் ஒன்றை ஏற்கெனவே காணவில்லை. மற்ற மூன்றும் தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில், சாவி அவரிடம்.

இப்படிக்கு,
செயலாளர், வகுப்பறைத் திருப்பணிக் குழு