அந்தப் பெட்டியில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலம் தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் எரிவாயுக் கட்டணம் பற்றி ஏதாவது ஒன்று வந்துவிடும். நான் கட்டணத்தைப் பற்றி எழுதவில்லை. வீட்டு ஹீற்றிங்கை மாற்றுகிறோம் என்று ஆட்கள் வந்து நிற்கும்போது ஏலாத ஆள் ஒருவர் படும் பாட்டை எழுதுகிறேன்.

எனக்கு வயது 65. இலங்கையில் 1962இல் போலியோ பெரிதாகப் பரவியபோது எனக்கு இரண்டு வயது. இடது கால் அன்றைக்குப் போனதுதான். பகலில் காலைத் தாங்கும் கலிப்பர் என்ற கவசத்தைப் பூட்டி, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பேன். பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் சக்கர நாற்காலிதான். போலியோ வந்த காலுக்கு இன்னொரு குணமும் உண்டு. குளிர் பட்டால் மற்றக் காலைப்போல அது தானாகச் சூடேறாது. முழங்காலுக்குக் கீழே நாவற்பழ நிறமாகிவிடும். பிறகு இரண்டு போர்வைக்குள் வைத்தாலும் பழைய நிலைக்கு வர மணிக்கணக்காகும்.

கிழக்கு லண்டனில், குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் வீட்டுச் சங்கம் ஒன்றின் கீழ்த்தள வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒக்டோபரில் கடிதம் வந்தது. பொயிலர், ரேடியேற்றர், குழாய் எல்லாம் மாற்றப்போகிறார்களாம். மூன்று நாள் வேலையாம். காலை எட்டு மணிக்கு முன் சுவரோரத்துச் சாமான்களை ஒரு மீற்றர் தள்ளி வைக்கவேண்டுமாம். என் உடுப்பு அலுமாரியை நான் தள்ளுவதா, அது என்னைத் தள்ளுவதா?

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. வீட்டில் மாற்றுத்திறனாளிகளோ விசேட உதவி தேவைப்படுபவர்களோ இருக்கிறார்களா என்று கேட்டு ஒரு பெட்டி. மகன்தான் நிரப்பினான். ‘இல்லை’ என்று எழுதினான். ஏனடா என்று கேட்டேன். “உங்களை ஏன் அம்மா அவங்களுக்கு வருத்தக்காரி எண்டு காட்டவேணும்?” என்றான். பாசத்தில் சொன்னதுதான். நானும் பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டேன்.

முதல் நாள் பழைய பொயிலரைக் கழற்றினார்கள். இரண்டாம் நாள், படுக்கையறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள நடையில் அலவாங்கு போட்டு மூன்று தரைப்பலகையைக் கிளப்பினார்கள். கீழே குழாய் உக்கிப்போய்க் கிடந்தது. பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அறைக்குள். ஒன்றரை அடிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கழிப்பறை. நல்ல கால் உள்ளவர்கள் ஒரு எட்டில் தாண்டிவிடுவார்கள். நான் நாற்பது நிமிஷம் கட்டில் விளிம்பில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்குப் பிறகு, மதியம் வரை தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டேன்.

நடையின் மிச்சப் பகுதிக்குத் தூசி படாமல் பிளாஸ்ரிக் விரித்திருந்தார்கள். ஊன்றுகோலின் அடியில் உள்ள ரப்பர் அதில் ஒட்டாது. எண்ணெய்ச் சட்டியில் கால் வைத்ததுபோல வழுக்கும். மூன்றாம் நாள் வழுக்கியேவிட்டது. சுவர் பிடித்தது, விழவில்லை. அதைப் பார்த்த வேலைப் பொடியன், இருபது வயதுகூட இராது, ஒன்றும் பேசாமல் பிளாஸ்ரிக்கைச் சுருட்டிவிட்டு தங்கள் வான் வண்டியிலிருந்து பழைய கம்பளத் துண்டொன்றைக் கொண்டுவந்து விரித்தான். பள்ளத்துக்குக் குறுக்கே தடிப்பான பலகையும் போட்டுத் திருகாணியால் இறுக்கினான். “முதலே சொல்லியிருந்தால் இதைத்தானே முதல் நாள் செய்திருப்போம்” என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

குழாய்த் துண்டு வரவில்லை, ஆள் வரவில்லை என்று மூன்று நாள் ஒன்பது நாளாகியது. மின்சார ஹீற்றர் ஒன்று தந்தார்கள், 2 கிலோவாற். பத்து மணி நேரம் போட்டால் 20 அலகு. அலகு 25 பென்ஸ் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 5 பவுண். அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆலோசனை நிலையத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். வாடகை வீட்டில் ஹீற்றிங்கையும் சுடுதண்ணியையும் ஒழுங்காக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்காக நியாயமான மாற்றங்களையும் வீட்டுக்காரர் செய்யவேண்டும். ஆனால் வாடகைக்கு இருப்பவர் கேட்டால்தான் அந்தக் கடமை தொடங்கும். கேட்காமல் இருந்தவள் நான். அவர்களில் பிழை இல்லை என்று சொல்ல வரவில்லை. சக்கர நாற்காலி நடுவீட்டில் நிற்கிறது, கண் இல்லையா?

நம்மவர் வீடுகளில் இது புதிதல்ல. கலியாண வீட்டுக்குப் போனாலும் என் ஊன்றுகோலைக் கதிரைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், படத்தில் விழக்கூடாதென்று. ஆகவே வாசகர்களிடம், முக்கியமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் கேட்கிறேன். அம்மா அப்பாவுக்கு என்ன ஏலாது என்பதை அந்தப் பெட்டியில் விபரமாக எழுதுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியை மறிக்கக்கூடாது, இரவில் வீடு சூடாக இருக்கவேண்டும், சாமானை அவர்களே நகர்த்தவேண்டும் என்று எழுதுங்கள். எரிவாயு, மின்சாரக் கம்பனிகள் ஏலாதவர்களுக்கு விசேட உதவி செய்யவென்று வைத்திருக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டிலும் பெயரைக் கொடுங்கள், அது இலவசம்.

இப்போது ரேடியேற்றர்கள் நன்றாகச் சுடுகின்றன, குறை சொல்லக்கூடாது. ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்ராற்றைச் சுவரில் ஐந்தடி உயரத்தில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்காலியில் இருந்து எனக்கு எட்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வந்து 21 பாகையில் வைத்துவிட்டுப் போகிறான். வயர் இல்லாமல் மேசையில் வைக்கிற தெர்மோஸ்ராற் இருக்கிறதாம், அந்தப் பொடியன்தான் சொன்னான். அதைக் கேட்டுப் போன செவ்வாய்க்கிழமை கடிதம் போட்டேன். போலியோ, கலிப்பர், சக்கர நாற்காலி எல்லாம் முதல் வரியிலேயே இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்கு லண்டன்.