பாப்அப் பெட்டிக்குள் எவ்வளவு திணிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செய்தித் தளங்களில் வெப் மேப் (தொட்டு நகர்த்தும் இணைய வரைபடம்) இல்லாத நாளே இல்லை என்றாகிவிட்டது. புள்ளியைத் தொட்டால் பாப்அப் பெட்டி விரிகிறது. படத்தில் பாதி வெளியே தொங்குகிறது, மூடும் குறி மேலே எங்கோ மறைந்து கிடக்கிறது. பழி மேப்பின் மேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் உள்ளே வைத்த சரக்கில்தான்.

வெப் மேப் செய்ய உதவும் நிரல்தொகுப்பான லீஃப்லெட்டை எடுத்துக்கொள்வோம். பாப்அப் திறந்த கணத்திலேயே அது உள்ளடக்கத்தை அளந்து, அகலத்தைப் பிக்சலில் பூட்டிவிடுகிறது. படம் வந்து சேர்வது அதற்குப் பிறகு. எழுத்தை மட்டும் வைத்து அளந்த பெட்டிக்குள் அகலமான படம் அடங்காமல் வலப்பக்கம் பிதுங்கும். பெட்டியின் அடி புள்ளியோடு கட்டப்பட்டிருப்பதால் உயரம் மேல்நோக்கித்தான் வளரும். மூடும் குறி மேப்பின் விளிம்பைத் தாண்டிப் போவது அதனால்தான். மருந்து எளிது: படத்தைச் சேர்க்கும் எச்டிஎம்எல் குறியிலேயே அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதிவிடுங்கள். அளவு முன்கூட்டித் தெரியாவிட்டால், படம் ஏறி முடிந்ததும் பெட்டியை மறுபடி அளக்கும் ‘அப்டேட்’ கட்டளையை அழைக்கலாம். ஆனால் அது உள்ளடக்கத்தை மறுபடி பெட்டிக்குள் வைக்கும். உள்ளே ஐஃப்ரேம் (வேறொரு பக்கத்தைப் பதிக்கும் சட்டகம்) இருந்தால் அதுவும் முதலிலிருந்து ஏறத் தொடங்கும்.

நீளமான குறிப்புக்கு ‘மேக்ஸ்ஹைட்’ என்ற உயர வரம்பு அவசியம். 400 பிக்சல் உயர மேப்பில் 240 கொடுத்தால் மிச்சம் உள்ளேயே உருளும். மேப்புக்கு ‘மேக்ஸ்பவுண்ட்ஸ்’ எல்லை போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: பெட்டிக்கு இடம் கொடுக்க நகரும் மேப்பை எல்லை திரும்ப இழுக்கும். ஓரத்துப் புள்ளிகளில் இந்த மல்லுக்கட்டைப் பார்க்கலாம். எல்லையைச் சற்றுத் தளர்த்துவதே வழி.

அகலத்தின் மேல்வரம்பு தானாக லீஃப்லெட்டில் 300 பிக்சல், அதைப் போன்ற இன்னொரு தொகுப்பான மேப்லிபரில் 240. யூடியூப் தரும் ஐஃப்ரேமோ 560க்கு 315. அதை 300க்குச் சுருக்கினால் உயரம் 169 ஆகிவிடும். குறைந்தது 200க்கு 200 இருக்கவேண்டும் என்பது யூடியூபின் விதி, 16:9 காணொளிக்கு 480க்கு 270 வேண்டும் என்பது பரிந்துரை. 360 பிக்சல் அகல கைபேசித் திரையில் அந்த 480 எங்கே போகும்? என்னைக் கேட்டால் காணொளியைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சிறு படம் ஒன்றை வைத்து, தொட்டால் மேப்புக்குக் கீழே தனிப் பகுதியில் ஓடவிடலாம்.

வேறு தளத்தின் பக்கத்தை ஐஃப்ரேமில் போட்டால் வெற்றுக் கட்டமே தெரிகிறதா? அந்தத் தளம் தன் சர்வர் அனுப்பும் ‘எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்’ என்ற தலைப்பு மூலம் மறுத்திருக்கலாம். அல்லது உங்கள் பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ், அந்தப் பக்கம் வெறும் எச்டிடிபி என்பதால் பிரவுசர் தடுத்திருக்கும். முதலாவதை உங்கள் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது. இணைப்பு கொடுத்துவிட்டு நகரவேண்டியதுதான்.

பெட்டிக்குள் வரும் விளக்கப்படத்துக்கான (சார்ட்) ஸ்கிரிப்டைப் பாப்அப்பின் எச்டிஎம்எல் சரத்துக்குள்ளேயே எழுதிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செருகப்படும் ஸ்கிரிப்ட் குறி ஓடாது. பெட்டி திறக்கும்போது எழும் ‘பாப்அப்ஓப்பன்’ நிகழ்வில்தான் படத்தை வரையவேண்டும். அதனால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. படம் ஏறாதபோது இயங்கும், படக் குறியின் ‘ஆன்எரர்’ பண்பில் ஒளிந்துவரும் நிரல் தாராளமாக ஓடும். வாசகர்கள் நிரப்பிய படிவத்திலிருந்து வரும் பெயரையும் குறிப்பையும் அப்படியே ஒட்டுவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பது போல. வெறும் எழுத்தென்றால் மேப்லிபரில் ‘செட்எச்டிஎம்எல்’லை விட்டு ‘செட்டெக்ஸ்ட்’டைப் பயன்படுத்துங்கள். எச்டிஎம்எல் குறிகளும் வேண்டுமென்றால் டோம்ப்யூரிஃபை போன்ற வடிகட்டி வேண்டும்.

ஆயிரம் புள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பட உறுப்பை முன்கூட்டி ஜாவாஸ்கிரிப்டில் உருவாக்காதீர்கள். முகவரி கொடுத்த நொடியே, பெட்டி திறக்காமலே, அத்தனை படங்களும் இறங்கத் தொடங்கும். லீஃப்லெட்டில் பெட்டியைப் புள்ளியோடு இணைக்கும் ‘பைண்ட்பாப்அப்’புக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் தொட்ட புள்ளியின் படம் மட்டும் வரும்.

கடைசியாக, நம் எழுத்து. லீஃப்லெட் பெட்டியின் வரி உயரம் 1.3, ஆங்கிலத்துக்குச் சரி, தமிழில் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். 1.6 வையுங்கள். நீண்ட கூட்டுச்சொற்கள் பெட்டியைத் தாண்டாமல் மடங்க ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்பில் ‘பிரேக்-வேர்ட்’ என்று சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெப் மேப் வடிவமைக்கும் வாசகர் ஒருவர்